பாதிப் பெட்டிக்கு ராணி எங்கிருந்து வந்தது?

தேனீ வளர்ப்பவர்கள் ஒரு பெட்டியை ரெண்டாகப் பிரிப்பார்கள். புழு அடையில் பாதியை, மொய்க்கும் ஈக்களோடு அப்படியே இன்னொரு பெட்டிக்கு மாற்றுவார்கள். ராணி ஒன்றுதான், ஏதாவது ஒரு பக்கம்தான் இருக்கும். ஆனால் ரெண்டு வாரத்தில் மற்ற பாதியிலும் ஒரு ராணி இருக்கும். அது எங்கிருந்து வந்தது?

18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இதற்குத் தெளிவான பதில் இல்லை. பல பகுதிகளில் வைக்கோல் கூடைகளில்தான் தேனீ வளர்த்தார்கள். கந்தகப் புகை போட்டு, கூட்டத்தையே கொன்று தேன் எடுப்பதும் சாதாரணம். புதுக் கூட்டம் வேண்டுமா? ஈக்கள் தானாகப் பிரிந்து பறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ராணிக்குத் தனி முட்டை, அது பிறவியிலேயே வேறு என்று படித்தவர்களே நினைத்தார்கள்.

ஜெர்மனியின் லுசேஷியா பகுதியில் கிராமத்துப் பாதிரியாராக இருந்தவர் ஆடம் காட்லோப் ஷிராக் (1724–1773). 1760-களில் அவர் செய்த சோதனை ரொம்ப எளிமையானது. சின்னப் பெட்டிகளில் கொஞ்சம் வேலைக்காரத் தேனீக்களையும் ஒரு துண்டு புழு அடையையும் வைத்து மூடினார். ராணி கிடையாது. ஈக்கள் என்ன செய்தன தெரியுமா? சாதாரண அறைகள் சிலவற்றைப் பெரிதாக்கி ராணி அறையாக மாற்றின. அதிலிருந்து ராணியும் வந்தது! வேலைக்காரத் தேனீயாக வளரவேண்டிய புழுதான் அது. மாறியது அறையும் சாப்பாடும்தான், முட்டை இல்லை.

ஜெனீவாவின் பெரிய இயற்கையியலாளர் சார்ல்ஸ் போனே முதலில் இதை நம்பவில்லை. அதே ஊர்க்காரரான ஃப்ரான்ஸ்வா ஊபேர்தான் திரும்பச் சோதித்து உறுதிசெய்தார். அவருக்குப் பார்வை கிடையாது. உதவியாளர் பர்னன்ஸ் பார்த்துச் சொல்ல, இவர் கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனார். 1792-இல் புத்தகம் வந்தது. ஏடு ஏடாகத் திறக்கிற ஒரு கூட்டையும் வடிவமைத்தார். அதை நடுவில் பிரித்தால் ரெண்டு கூட்டம் கிடைக்கும், ஈக்களைக் கொல்லவே வேண்டாம் என்பது அவர் யோசனை. 1851-இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் கழற்றி மாட்டும் சட்டங்களைக் கொண்டுவந்த பிறகு, பிரிப்பது இன்னும் சுலபமானது.

இதில் ஒரு கெடு இருக்கிறது. முட்டை பொரிந்து சுமார் 3 நாளுக்குள் இருக்கும் புழுதான் நல்ல ராணியாகும். அதைத் தாண்டினால் வேலைக்காரத் தேனீதான். புது ராணி வெளியே பறந்து ஆண் ஈக்களோடு கூடி வரவும் வேண்டும். அதனால் பிரிக்கும்போது ராணி எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருப்பதைவிட, ரெண்டு பக்கமும் முட்டை இருக்கிறதா, அக்கம்பக்கத்தில் ஆண் ஈக்கள் பறக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம்.