பரங்கிக்காய்க்கு ஜாதகம் பார்த்த கதை

எங்க அம்மா ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பரங்கி விதை வைத்திருக்கிறார். சாம்பலில் புரட்டி நிழலில் காயவைத்த விதை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், தறி ஓடிய எங்கள் வீட்டின் பின்பக்கம் அந்தக் கொடி இல்லாத வருஷம் எனக்கு நினைவில்லை. எங்கே வாங்கியது என்று கேட்டால், "வாங்கறதாவது! உங்க ஆயா காலத்துலேர்ந்து நம்ம வீட்டு விதைடா" என்பார்.

போன வருஷம் ஆடிப்பட்டத்தில் அதிலிருந்து மூன்று விதை ஊன்றினேன். மூன்றும் காய்த்தன. ஒன்று தட்டையாக, ஆழமான வரிகளோடு. இரண்டாவது வழவழவென்று குடம் மாதிரி. மூன்றாவதற்குக் கழுத்தே இருந்தது! அம்மா முதல் காயைத் தட்டிப் பார்த்து "இதுதான் நம்ம காய்" என்றார். மற்ற இரண்டையும் பார்த்து, "இதெல்லாம் யார் வீட்டுக் காய்?"

நியாயமான கேள்வி. அதைத் தேடிப் போனதில் ஒரு வருஷம் ஓடிவிட்டது.

முதலில் இது என்ன இனம் என்று தெரியவேண்டும். காயின் வடிவத்தை வைத்து முடிவு செய்யலாம் என்றுதான் நானும் நினைத்தேன். லின்னேயஸ் காலத்துத் தாவரவியலாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். வடிவம் மாறினால் தனி இனம் என்று பெயர் வைத்துக்கொண்டே போனார்கள். பாரிஸில் ஷார்ல் நோதேன் என்பவர் வகைவகையாக வளர்த்து, ஒன்றோடு ஒன்றைக் கலந்து பார்த்து, 1856-இல் அந்தக் குழப்பத்தைத் தீர்த்தார். தோட்டங்களில் இருப்பவை பெரும்பாலும் மூன்று இனங்களில் அடங்கும் என்றார்: பெப்போ, மாக்சிமா, மோஸ்காட்டா. வடிவமும் நிறமும் ஒரே இனத்துக்குள்ளேயே தாறுமாறாக மாறும். அதனால் காயை விட்டுவிட்டு காம்பைப் பார்க்கவேண்டும்.

நீங்களும் மார்க்கெட்டில் பார்க்கலாம். மாக்சிமாவின் காம்பு உருண்டை, தக்கை மாதிரி மெத்தென்று இருக்கும். பெப்போவுக்குப் பட்டை பட்டையாகக் கெட்டியான காம்பு, இலையிலும் தண்டிலும் சொரசொரவென்று முள். மோஸ்காட்டாவுக்கும் பட்டையான கெட்டிக் காம்புதான். ஆனால் காயைத் தொடும் இடத்தில் யானைப் பாதம் மாதிரி விரிந்திருக்கும். இலை மெத்தென்று இருக்கும், நரம்போரம் பல சமயம் வெள்ளித் திட்டுகள். எங்கள் மூன்று காய்க்கும் யானைப் பாதம். மூன்றும் மோஸ்காட்டா! ராஜாஜி மார்க்கெட்டில் ஒரு சனிக்கிழமை காலை நான் புரட்டிப் பார்த்த அத்தனை காயும் மோஸ்காட்டாதான். (கடைக்காரர் "சார், வாங்கறீங்களா இல்லையா?" என்று கேட்கும்வரை பார்த்தேன்.) வெப்பத்தை நன்றாகத் தாங்கும் இனம் என்பதால் நம் ஊரில் அது நிலைத்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் இது நம் ஊர்ச் செடியே இல்லை. இந்தப் பேரினம் முழுக்க அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தது. மெக்சிகோவில் வஹாகா பகுதிக் குகை ஒன்றில் கிடைத்த பெப்போ விதைகளுக்குச் சுமார் 10,000 வயது. நம் பக்கம் 1498-இல் வாஸ்கோ ட காமா வந்ததற்குப் பிறகுதான் இதற்கு வழியே திறந்தது. தமிழ் அதை மறைக்கவும் இல்லை. பறங்கிமலை, பறங்கிப்பேட்டை, பறங்கிக்காய் மூன்றிலும் இருப்பது ஒரே பறங்கி. 'ஃபிராங்க்' அரபி, பாரசீகம் வழியாக 'ஃபரங்கி'யாகி, ஐரோப்பியர்களைக் குறிக்கும் சொல்லாக நம்மிடம் வந்து சேர்ந்தது. (நம் வாயில் ற எப்போதோ ர ஆகிவிட்டது. நானும் அப்படியே எழுதுகிறேன்.)

பழைய குடி வெள்ளைப் பூசணிதான். அது வேறு பேரினம், ஆசியாவைச் சேர்ந்தது. வந்தவன் அதன் பெயரிலும் பங்கு கேட்டிருக்கிறான்: மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி. கொங்குப் பக்கம் அரசாணிக்காய் என்று தனிப் பெயரே உண்டு. எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குத் தறி முன்னால் உடைப்பது வெள்ளை. பொங்கலன்று கூட்டுக்குள் போவது மஞ்சள். இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

இனம் கிடைத்துவிட்டது, ரகம்? கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 ஏழெட்டு கிலோ, கோ 2 ஒன்றரை முதல் 2 கிலோ. எங்கள் தட்டைக் காய் 4 கிலோ. பெங்களூரு அர்கா சந்தன் அதைவிடச் சின்னது. எடையை மட்டும் வைத்து ரகம் சொல்வது தப்புதான், ஆனால் நிறமும் வரியும்கூட எதனோடும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாததற்குக் காரணம் எங்கள் கொடியிலேயே இருந்தது.

பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. விடியலில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும். அந்த நேரத்துக்குள் தேனீ நாலு வீட்டுக் கொடிக்குப் போய்வருகிறது. வேறு கொடியின் மகரந்தம் சேர்ந்தாலும் அந்தக் காயில் எதுவும் தெரியாது. தாய்ச்செடியின் காய் மாதிரியேதான் இருக்கும். கலப்பு உள்ளே விதையில் இருக்கிறது. அடுத்த வருஷம் முளைத்துக் காய்த்தால்தான் வெளியே வரும். என் தொழில் பாஷையில் சொன்னால், யார் எப்போது மெர்ஜ் செய்தார்கள் என்று லாக் இல்லாத கோட் பேஸ்.

அப்படியானால் "ஆயா காலத்து விதை" பொய்யா? அம்மாவிடம் கேட்டேன். எந்தக் காயிலிருந்து விதை எடுப்பீர்கள்? "தட்டையா, வரி ஆழமா, வெட்டினா சதை மாவு மாதிரி இருக்கணும். தண்ணியா இருந்தா குழம்புக்கு, விதையைத் தூக்கிப் போட்டுடுவேன்." ஆயாவும் அப்படித்தானாம். தேனீ வருஷா வருஷம் கலக்க, இரண்டு பெண்கள் வருஷா வருஷம் கழித்திருக்கிறார்கள். வேளாண் பல்கலைக்கழகத்தில் இதற்குத் தேர்வு முறை என்று பெயர். கடைசி சில வருஷங்களாக அம்மாவுக்கு முட்டிவலி. வந்த காயிலெல்லாம் விதை எடுத்துப் பாட்டிலில் போட்டிருக்கிறார். குடமும் கழுத்தும் அப்படித்தான் உள்ளே வந்தன.

தட்டைக் காயின் விதையை மட்டும் ஐப்பசியில் ஊன்றினேன். மார்கழியில் பூத்தது. மறுநாள் விரியப்போகும் பெண் மொட்டு ஒன்றையும் அதே கொடியின் ஆண் மொட்டு ஒன்றையும் தேனீ நுழையாதபடி முந்தின சாயங்காலமே கட்டிவைக்கவேண்டும். தறியில் மிஞ்சிய சிவப்புப் பட்டு நூலால் கட்டினேன். காலை ஆறு மணிக்குப் போனால் பெண் மொட்டு மட்டும் இருக்கிறது.

வாசலுக்கு வந்தேன். கோலத்தின் நடுவே சாணிப் பிள்ளையார், அவர் தலையில் என் ஆண் பூ, நூலோடு.

"காய்க்கிற பூவை நான் தொடுவேனா? வெறும் பூதானே பறிச்சேன்" என்றார் அம்மா. சாயங்காலம் திரும்ப நூலை எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை மூன்று ஆண் மொட்டு கட்டியிருக்கிறேன்.