அப்பா வைத்த நார்

போன வருஷம் தீபத்துக்குக் கொடியேறிய அன்று ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு பழைய மஹிந்திரா ஜீப் கடைக்கு வந்தது. திருவண்ணாமலை செங்கம் சாலையில் அப்பா தொடங்கிய குஷன் கடை எங்களுடையது. டிரைவர் சீட்டைக் கழற்றிச் சாய்த்ததும் மழைத்தண்ணீர் சொட்டியது. ஓரத் தையலைப் பிளேடால் அறுத்து மேல் ரெக்சினை உரித்தேன். உள்ளே இருந்த மஞ்சள் ஸ்பாஞ்ச் விரல் பட்ட இடமெல்லாம் மாவாக உதிர்ந்தது. அதற்கும் அடியில் இன்னொரு ரெக்சின், பச்சை நிறத்தில். அதன் விளிம்பில் கோணி ஊசியால் போட்ட இரட்டைக் கைத்தையலைப் பார்த்ததும் அப்பாவின் வேலை என்று தெரிந்துவிட்டது. பிரித்தால் ரப்பர் பால் ஏற்றிய தென்னை நார். தூசி தட்டி வெயிலில் போட்டேன். சாயங்காலம் கையால் அமுக்கிப் பார்த்தேன், அமுங்கி, எழும்பியது.

அப்பா இலவம் பஞ்சு மெத்தை தைத்துக்கொண்டிருந்தவர். வண்டி சீட்டுக்கு வந்தது பிறகுதான். அவருக்கு முந்தின தலைமுறைக்கு ஜட்கா வண்டிதான் தெரியும். அதில் புல்லோ வைக்கோலோ பரப்பி, மேலே சாக்கோ ஜமுக்காளமோ விரிப்பார்கள். நசுங்கினால் எடுத்துவிட்டுப் புதிதாகப் பரப்பலாம்; நனைந்தால் உதறிக் காயப்போடலாம்.

ஜீப்பும் அந்தக் குணத்தோடுதான் பிறந்தது. இரண்டாம் உலகப்போருக்காக வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளும் 6 லட்சத்துக்கு மேல் ஜீப்புகளைச் செய்தன. அவற்றில் சீட் என்பது ஓர் இரும்புச் சட்டம், மெல்லிய திண்டு, மேலே கித்தான். பெட்ரோல் டேங்க்கின் மூடி டிரைவர் திண்டுக்கு அடியில் இருந்தது. ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் டிரைவர் எழுந்து திண்டைத் தூக்கியாக வேண்டும். மஹிந்திரா 1947இல் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது; 1949இல் பம்பாயில் பாகங்களைப் பூட்டி வண்டியாக்கத் தொடங்கியது. அந்த வழியில் வந்த வண்டிகள்தான் பின்னால் ஜவ்வாது மலையில் ஏறி இறங்கி எங்கள் கடை வாசலுக்கு வந்தன.

கித்தானை ஓரங்கட்டியது ரெக்சின். அது இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்தில் ஹைட் என்ற ஊரிலிருந்த கம்பெனியின் பெயர். துணிமேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசி, தோல் மாதிரி வரி போட்டு விற்றார்கள். இன்று நாங்கள் வெட்டுவது பிவிசி பூசிய துணி; பெயர் மட்டும் ரெக்சின். அது தண்ணீரை விடாது என்று நம்பித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். துணி விடாது, சரி. ஊசி போட்ட ஓட்டை விடும். அப்படி இறங்கிய தண்ணீரை அதே ரெக்சின் வெளியேயும் விடாது.

உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் இன்னும் இளைய சரக்கு. ஜெர்மனியில் ஓட்டோ பேயர் 1937இல் பாலியூரித்தேனுக்கு வழி கண்டார். அதிலிருந்து வந்த மெத்தென்ற ஸ்பாஞ்ச் 1950களில் பரவியது. வீட்டு சோபாவுக்கு நல்ல பொருள். மலை ஜீப்பில் மழையின் ஈரமும் வெயிலின் சூடும் மாறி மாறிப் பட்டால் சில வருஷத்தில் பொடிந்துவிடும். தென்னை நாரைச் சுருளாக்கி, ரப்பர் பால் தெளித்து, சூட்டில் இறுக்கிய பலகையில் நாருக்கு நார் இடைவெளி உண்டு. காற்று நுழையும், தண்ணீர் வடியும்.

"தண்ணி உள்ள வராம யாராலயும் தடுக்க முடியாது. வந்தா வெளிய போக வழி வெச்சுத் தை" என்பார் அப்பா. கடை என் கைக்கு வந்த புதிதில் இதை நான் மதிக்கவில்லை. போளூர் வழியாக மலைக்குச் சாமை மூட்டையும் ஆட்களும் ஏற்றும் ஒருவர் மெத்தென்று வேண்டும் என்றார். 4 அங்குல ஸ்பாஞ்ச் வைத்து, அடிப்பக்கத்தையும் ரெக்சினால் மூடிக் கொடுத்தேன். ஒரே மழைக்காலம். நாற்றத்தோடு திரும்பி வந்தது. "மேஸ்திரி இருந்தா இப்படி ஆகியிருக்காது தம்பி" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது மஹிந்திரா தார் ஜீப் வைத்திருக்கும் பிள்ளைகள் ரெடிமேட் பக்கெட் சீட் வாங்கலாமா என்று கேட்டு வருகிறார்கள். திருப்பிப் போட்டு அடியைப் பார் என்பேன். அடியில் காற்று போக வழி வேண்டும், உறை கழன்று வர வேண்டும். நம் ஊர் வண்டியில் டிரைவர் வலப்பக்கம் சறுக்கி இறங்குகிறவர். அந்த வலது ஓரம்தான் முதலில் கிழியும், அங்கே இரட்டைத் துணியும் நைலான் நூலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போல்ட்டைத் தகரத் தரையில் அப்படியே முடுக்கினால் குலுக்கலில் தகரம் கிழியும். கீழே தடித்த பட்டை கொடுத்து முடுக்க வேண்டும். பெல்ட் பழைய இடத்தில் சரியாகப் பூட்டாவிட்டால் அந்த சீட்டே வேண்டாம்.

ஜமுனாமரத்தூர் ஜீப் தீபத்துக்கு முன்பே மலைக்குப் போய்விட்டது. அப்பாவின் நாரை அதே சட்டத்தில் வைத்து, மேலே ஒரு விரல்கடை ஸ்பாஞ்ச் மட்டும் கொடுத்து, கித்தான் உறை போட்டேன். அடியில் தைக்கவில்லை, நாடாவால் கட்டியிருக்கிறேன். அடுத்துப் பிரிக்கிறவருக்குப் பிளேடு தேவைப்படாது.