வெந்நீரைச் சுற்றி ஒரு சீசன் ஊர்

தென் கலிபோர்னியாவில், 3,302 மீட்டர் உயரமுள்ள சான் ஹசின்டோ மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது பாம் ஸ்பிரிங்ஸ். பசிபிக் கடலிலிருந்து வரும் மழை மேகங்களை மலை மறித்துவிடுவதால், அதன் முதுகுப்புறத்தில் கிடக்கும் கோச்செல்லா பள்ளத்தாக்கு முழுவதும் பாலைவனம். கோடையில் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அங்கே சாதாரணம். 2024 ஜூலையில் 51 டிகிரியைத் தொட்டது. அப்படியும் மனிதர் அங்கே வாழ முடிந்ததற்குக் காரணம் இரண்டு வகை நீர். மலையிடுக்குகளில் இறங்கி வரும் குளிர்ந்த ஓடைகள் ஒன்று. ஊர் நடுவே நிலத்திலிருந்து குமிழியிட்டு எழும் வெந்நீர் ஊற்று மற்றொன்று. இன்று சாப்பிடவும் ஆடவும் மலையேறவும் வருகிறவர்களுக்காக இருக்கும் எல்லாமே இந்த இரண்டையும் சுற்றி வளர்ந்தவைதான்.

அந்த ஊற்றுக்குக் கவீயா பழங்குடியினர் வைத்த பெயர் சேக்ஹி. நீர் கொதிக்கும் ஓசையைக் குறிக்கும் சொல் அது. ஸ்பானியர்கள் அதையே ‘அகுவா கலியென்டே’, அதாவது வெந்நீர், என்றார்கள். அங்கிருந்த கவீயா மக்களுக்கும் அதுவே பெயராக நிலைத்தது. வெயில் ஏறும் மாதங்களில் அவர்கள் மலையிடுக்குகளின் நிழலுக்கு நகர்ந்தார்கள். குளிர் வந்ததும் ஊற்றருகே திரும்பினார்கள். ஓடைகளிலிருந்து வாய்க்கால் வெட்டி மக்காச்சோளமும் பூசணியும் பயிரிட்டார்கள். விசிறிப்பனையின் சிறு பழங்கள், மலையில் பொறுக்கிய ஓக் கொட்டைகள், குழியிலிட்டுச் சுட்ட கற்றாழைக் குருத்து ஆகியவை அவர்கள் உணவு. மெஸ்கீட் மரத்தின் நெற்றுகளை இடித்து மாவாக்கி அடை தட்டுவது அவர்கள் சமையலின் மையம். தமிழ்நாட்டுக் கண்மாய்களை அடைத்துக்கொண்டு நிற்கும் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு இந்த மெஸ்கீட். இங்கே ஒழிக்க வழி தேடும் ஒரு மரத்தின் சொந்தம், அங்கே ஒரு சமூகத்துக்குத் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டிருக்கிறது.

ஊரின் பிற்கால வரலாறு முழுவதையும் தீர்மானித்தது 1870களில் வந்த ரயில் பாதை. பாதை போடும் கம்பெனிக்கு ஊக்கமாக, இருபுறமும் உள்ள நிலத்தைச் சதுர மைல் கட்டங்களாகப் பிரித்து, ஒற்றைப்படை எண் கொண்ட கட்டங்களை அமெரிக்க அரசு அதற்குக் கொடுத்தது. 1876-இலும் 1877-இலும் வந்த ஆணைகள் வழியாக இரட்டைப்படைக் கட்டங்கள் அகுவா கலியென்டே மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. ஆக, நிலம் ஒரு சதுரங்கப் பலகை ஆனது. வெந்நீர் ஊற்று விழுந்த கட்டத்தின் எண் 14. பின்னாளில் நகரின் மையப்பகுதியை ஒட்டி, மிக விலையுயர்ந்த மனையாக மாறப்போவது அந்தக் கட்டம்தான்.

வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களில் முதலாமவர் ஜான் மெக்கல்லம் என்ற வழக்கறிஞர். மகனின் காசநோய்க்கு வறண்ட காற்று மருந்தாகும் என்று நம்பி 1884-இல் குடும்பத்தோடு வந்தார். கல் பதித்த நீண்ட கால்வாய் வெட்டிப் பழத்தோட்டம் போட்டார். 1886-இல் வெல்வுட் மரே என்பவர் முதல் ஓட்டலைத் திறந்தார். 1890களில் ஒரு வெள்ளமும், அதைத் தொடர்ந்து பத்தாண்டுக்கும் மேலான வறட்சியும் தோட்டங்களை அழித்தன. விவசாய ஊராக வேண்டிய இடம் விருந்தினர் ஊராக மாறியதற்கு அந்த வறட்சிதான் முதற்காரணம்.

அந்த மாற்றத்தைக் கையிலெடுத்தவர் நெல்லி காஃப்மன். 1909-இல் அவர் ஆரம்பித்த டெசர்ட் இன், தொடக்கத்தில் நோயாளிகள் தங்கிக் காற்று வாங்கும் விடுதியே; கட்டடத்தைவிடக் கூடாரங்களே அதிகம். சில ஆண்டுகளில் அவர் ஒரு துணிச்சலான முடிவெடுத்தார்: இருமல் நோயாளிகளை ஏற்பதை நிறுத்திவிட்டு, ஓய்வு தேடி வரும் வசதியானவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டார். நல்ல சாப்பாடு, சுத்தமான படுக்கை, கண்ணெதிரே மலை என்ற அவருடைய எளிய முறையைத்தான் பிறகு வந்தவர்கள் பெரிதாக்கினார்கள். மெக்கல்லத்தின் மகள் பேர்ல் மக்மானஸ் 1920களின் நடுவில் ஓயாசிஸ் ஓட்டலைக் கட்டினார். 1927-ஆம் ஆண்டின் கடைசி இரவில் கோபுரமும் பெரிய நீச்சல் குளமும் கொண்ட எல் மிரடார் திறந்தது. ஐன்ஸ்டைன் கூட அந்த ஊரில் வந்து தங்கியிருக்கிறார்.

குற்றாலத்துக்குச் சாரல் எப்படியோ அப்படி பாம் ஸ்பிரிங்ஸுக்கும் ஒரு சீசன் இருந்தது. அக்டோபரில் தொடங்கி மே மாதத்தில் முடியும். கோடையில் ஓட்டல்களைப் பூட்டிவிட்டு முதலாளிகளே ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். ஏர் கண்டிஷனர் பரவிய பிறகுதான் இந்த வழக்கம் தளர்ந்தது. சீசன் நாட்களில் விருந்தினரின் பொழுது விடிவது குதிரை முதுகில். விடுதியிலிருந்து புறப்பட்டு மணல்வெளியில் சில மைல் சவாரி போனால், முன்கூட்டியே வண்டியில் வந்து சேர்ந்த சமையற்காரர் விறகடுப்பில் பன்றி இறைச்சியும் முட்டையும் காப்பியும் தயாராக வைத்திருப்பார். 1930களில் டெசர்ட் ரைடர்ஸ் என்ற குழு இந்தச் சவாரிகளை ஒழுங்காக நடத்தியது. மலைப்பாதைகள் பலவற்றை அமைப்பதற்கும் அது துணை நின்றது. பாலைவனத்தை வெறும் வெறுமையாகப் பார்த்த நகரத்துக்காரர்களுக்கு அதன் விடியற்காலையைக் காட்டிக்கொடுத்த பெருமை இந்தக் காலைச் சாப்பாட்டுக்கு உண்டு.

பள்ளத்தாக்குக்கு என்று சொந்தமாக ஒரு ருசி கிடைத்தது கிழக்குக் கோடியில், இண்டியோ பக்கத்தில். அமெரிக்க வேளாண்மைத் துறை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பேரீச்சை ஆய்வு நிலையம் அமைத்தது. அல்ஜீரியாவிலிருந்து டெக்லெட் நூர் ரகம் வந்தது. மெஜூல் ரகத்தின் கதை இன்னும் சுவையானது. மொராக்கோவில் மெஜூல் மரங்களை நோய் அழித்துவந்த நேரத்தில், 1927-இல், வால்டர் ஸ்விங்கிள் என்ற தாவரவியலாளர் 11 கன்றுகளை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். நெவாடாவில் தனிமைப்படுத்தி வளர்க்கப்பட்ட அந்தச் சில கன்றுகளின் சந்ததிதான் பிறகு கலிபோர்னியாவின் மெஜூல் தோப்புகள். 1924-இல் தொடங்கிய ஷீல்ட்ஸ் பேரீச்சைத் தோட்டம் போன்ற சாலையோரக் கடைகள், பழத்தை ஐஸ்கிரீமோடும் பாலோடும் அடித்து ‘டேட் ஷேக்’ விற்றன. காரில் வந்தவர்கள் அதற்காகவே நிறுத்தினார்கள். இண்டியோவின் பேரீச்சைத் திருவிழாவில் ஒட்டகப் பந்தயமும் அராபியக் கதைகளின் வேடங்களும் சேர்ந்தன. மெக்கா, ஓயாசிஸ் என்று ஊர்களுக்குப் பெயர் வந்ததும் இதே மோகத்தால்தான். தொலைவில் உள்ள ஒரு பண்பாட்டை விளம்பரத்துக்காக வேடமாக்கிய செயல் அது. ஆனால் மரங்கள் உண்மையானவை, பழமும் உண்மையானது.

இரவு வாழ்க்கையைக் கொண்டுவந்தது ஹாலிவுட். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர். ஸ்டுடியோ கூப்பிட்டால் அன்றே திரும்பிவிடலாம், பத்திரிகைக்காரர் கண்ணிலும் அவ்வளவாகப் பட வேண்டியதில்லை. நடிகர்கள் சார்லஸ் ஃபாரலும் ரால்ஃப் பெல்லமியும் 1934-இல் டென்னிஸ் ஆட ராக்கெட் கிளப்பைத் திறந்தார்கள். டென்னிஸ் பகலுக்கு, மதுக்கூடம் இரவுக்கு. அந்த ஃபாரலே 1940களின் இறுதியில் நகரின் மேயரும் ஆனார். சூதாட விரும்பியவர்கள் ஊர் எல்லையைத் தாண்டி கதீட்ரல் சிட்டிப் பக்கம் போனார்கள். அங்கே டூன்ஸ் என்ற ஆடம்பர விடுதியில் நல்ல சாப்பாடும் சட்டத்துக்குப் புறம்பான சூதாட்ட மேசைகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. கலிபோர்னியாவில் அது குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். பார்த்தும் பாராமல் இருந்த காவல்துறையால் அது நடந்தது.

இரண்டாம் உலகப் போரில் எல் மிரடார் ராணுவ மருத்துவமனை ஆயிற்று. போருக்குப் பிந்திய இருபது ஆண்டுகள்தான் ஊரின் இரவுக்கு உச்சம். சி சி கிளப்பின் ஸ்டார்லைட் அறையில் இரவு உணவோடு மேடை நிகழ்ச்சி. நாட் கிங் கோல், பெகி லீ போன்றவர்கள் பாடினார்கள். ஃபிராங்க் சினாட்ராவுக்காக ஸ்டூவர்ட் வில்லியம்ஸ் 1947-இல் வடிவமைத்த வீடும், அதற்கு முந்தைய ஆண்டில் ரிச்சர்ட் நொய்ட்ரா வடிவமைத்த கௌஃப்மன் வீடும் தட்டையான கூரை, கண்ணாடிச் சுவர், நீச்சல் குளம் என்ற பாணியை உலகறியச் செய்தன. 1951-இல் தண்டர்பேர்டு மைதானம் வந்தபின் பள்ளத்தாக்கு கோல்ஃப் புல்லால் பச்சையாகத் தொடங்கியது. அந்தப் பச்சைக்கு வேண்டிய நீர், நிலத்தடியிலிருந்தும் தொலைவிலுள்ள கொலராடோ ஆற்றிலிருந்தும் எடுக்கப்படுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இத்தனை மேசைகளில் பரிமாறியவர்கள், படுக்கை விரித்தவர்கள், பாத்திரம் கழுவியவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்ற கேள்விக்கு ஒரே விடை, 14-ஆம் கட்டம். கறுப்பினத்தவருக்கும் மெக்சிகோ வம்சத்தவருக்கும் நகரின் பிற பகுதிகளில் வீடு கிடைக்கவில்லை. பழங்குடியினர் தங்கள் நிலத்தை ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விட நெடுங்காலம் சட்டம் இடம்தரவில்லை. அவ்வளவு குறுகிய குத்தகையில் யாரும் நல்ல கட்டடம் கட்ட மாட்டார்கள். ஆகவே உழைப்பாளிகள் தாங்களே எழுப்பிய சிறு வீடுகளும் டிரெய்லர்களும் அங்கே பெருகின. 1959-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சட்டம் அனுமதி தந்தது. ஓட்டல் கட்ட அந்த நிலம் திடீரெனப் பொன்னானது. பழங்குடியினருக்கு நிலத்தை நிர்வகிக்கத் தெரியாது என்று சொல்லி நீதிமன்றம் காப்பாளர்களை நியமித்தது. அவர்களில் பலர் கட்டணம் என்ற பெயரில் பணத்தைச் சுரண்டினார்கள். ரிவர்சைடு பிரஸ்-என்டர்பிரைஸ் நாளிதழ் இதை அம்பலப்படுத்தி 1968-இல் புலிட்சர் விருது பெற்றது. இதற்கிடையில் 1960களில் நகராட்சி 14-ஆம் கட்டத்தின் வீடுகளை இடித்தது, எரித்தது. வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் சாம்பலைப் பார்த்ததாகப் பின்னர் சாட்சி சொன்னார்கள். 1968-இல் கலிபோர்னியா அரசின் விசாரணை அறிக்கை நகரத்தைக் கடுமையாகக் கண்டித்தது. நகர மன்றம் மன்னிப்புக் கேட்டது 2021-இல். வெளியேற்றப்பட்டவர்களுக்கும் வாரிசுகளுக்கும் 59 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது 2024-இல். விருந்தோம்பலை விற்று வாழும் ஓர் ஊர், தன் விருந்தைச் சமைத்தவர்களுக்குச் செய்த இந்த அநியாயத்தைச் சொல்லாமல் அதன் வரலாற்றை எழுத முடியாது.

அதே 1960களில்தான் மலைக்கு வழி பிறந்தது. பிரான்சிஸ் கிராக்கர் என்ற மின்பொறியாளர் 1935-இல் வெயில் தாங்காமல் பனி மூடிய சிகரத்தைப் பார்த்து, அங்கே போய்ச் சேர ஒரு கம்பிவடப் பாதை வேண்டும் என்று நினைத்தார். போரும் அனுமதிகளும் கடந்து 1963 செப்டம்பரில்தான் அது ஓடத் தொடங்கியது. ஐந்து கோபுரங்களில் ஒன்றுக்கு மட்டுமே சாலை போட முடிந்தது. மற்ற நான்கிற்கும் ஆட்களையும் பொருட்களையும் ஹெலிகாப்டர்கள் சுமார் 23,000 தடவை பறந்து சுமந்தன. மெஸ்கீட்டும் கள்ளியும் நிற்கும் அடிவாரத்திலிருந்து ஏறி, பத்து நிமிடத்தில் பைன் காட்டில் இறங்கலாம். மேல் நிலையத்தில் குளிர் நாட்களில் கோட்டு வேண்டும்.

வடக்கே ஜோஷுவா ட்ரீ நிலப்பரப்பு காப்பாற்றப்பட்டது மினர்வா ஹாய்ட் என்ற பெண்ணால். லாஸ் ஏஞ்சலஸ் தோட்டங்களுக்காகக் கள்ளிகளையும் மரங்களையும் வேரோடு பெயர்த்துப் போவதைக் கண்டு பொறுக்காமல் அவர் நடத்திய இயக்கத்தின் பயனாக 1936-இல் அது தேசியச் சின்னமாயிற்று. 1994-இல் தேசியப் பூங்கா. இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 30 லட்சம் பேர் வருகிறார்கள், பலர் பாறைகளில் ஏற, வேறு பலர் இருட்டில் படுத்துப் பால்வீதியைப் பார்க்க.

டூன்ஸில் ஒளிந்து நடந்த சூதாட்டம் வெளிச்சத்துக்கு வந்ததும் இந்தப் பள்ளத்தாக்கிலேயே. இண்டியோ அருகே கபசான் பழங்குடியினர் 1980-இல் தங்கள் நிலத்தில் சீட்டாட்ட விடுதி திறந்தபோது போலீஸ் புகுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பழங்குடி நிலத்தில் நடக்கும் இத்தகைய விளையாட்டை மாநிலம் கட்டுப்படுத்த முடியாது என்று 1987-இல் தீர்ப்பு. அமெரிக்கா முழுவதும் இன்று இருக்கும் பழங்குடி காசினோக்களின் வேர் அந்தத் தீர்ப்பு. அகுவா கலியென்டே மக்கள் 1995-இல் வெந்நீர் ஊற்றின் பக்கத்திலேயே தங்கள் காசினோவைத் திறந்தார்கள். நெடுங்காலம் பிறருக்குக் குத்தகை விட்டுவந்தவர்கள் தாங்களே விருந்து கொடுப்பவர்கள் ஆனார்கள்.

1980களில் நகரம் சோர்ந்திருந்தது. சினிமாக்காரர்கள் குறைந்துவிட்டார்கள், 1986-இல் வசந்த விடுமுறைக்கு வந்த மாணவர் கூட்டம் கலவரத்தில் முடிந்தது. 1988-இல் மேயரான பாடகர் சன்னி போனோ ஒரு சர்வதேசத் திரைப்பட விழாவைத் தொடங்கிவைத்தார். இன்னொரு திருப்பம் இண்டியோவின் எம்பயர் போலோ மைதானத்தில் நிகழ்ந்தது. 1993-இல் பெர்ல் ஜாம் இசைக்குழு, டிக்கெட் விற்கும் பெரிய நிறுவனத்தோடு ஏற்பட்ட தகராறால் வழக்கமான அரங்குகளை விட்டுவிட்டு அங்கே பாடியது. திறந்த பாலைவனத்தில் பெருங்கூட்டத்தைச் சமாளிக்கலாம் என்று அது காட்டியது. 1999 அக்டோபரில் முதல் கோச்செல்லா இசை விழா அங்கே நடந்தது. நஷ்டத்தால் மறு ஆண்டு நடக்கவில்லை. வெயில் கொடுமையைப் பார்த்து 2001-இல் ஏப்ரலுக்கு மாற்றினார்கள். 2012 முதல் இரண்டு வாரக் கடைசிகள்.

வெந்நீர் ஊற்றின் மேல் 1960களில் எழுந்த ஸ்பா ஓட்டல் 2014-இல் இடிக்கப்பட்டது. அதே இடத்தில் அகுவா கலியென்டே மக்கள் 2023-இல் அருங்காட்சியகத்தையும் புதிய குளியல் மனையையும் திறந்தார்கள். குளியல் மனைக்குப் பெயர் சேக்ஹி. விசிறிப்பனைகள் நிற்கும் பாம், ஆண்ட்ரியாஸ், மரே மலையிடுக்குகளுக்குள் நடந்து பார்க்க இப்போது அவர்களிடமே கட்டணம் செலுத்திச் செல்ல வேண்டும். அக்டோபரிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை அவை தினமும் திறந்திருக்கும். கோடை முற்றும் மாதங்களில் வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்.