கிளிநொச்சி என்னும் ஐந்து எழுத்து

தமிழெழுத்தின் பழைமையைப் பெருமையுடன் பேசுவோர் பலர். அவ்வெழுத்து எந்தப் பொருளின்மீது தங்கி நம்மிடம் வந்து சேர்ந்தது என்று கேட்போர் சிலரே. கல்லில் வெட்டியது நின்றது. ஓலையில் எழுதியதோ, அதனை மீண்டும் மீண்டும் படியெடுக்க ஆளிருந்த காலம்வரைதான் நின்றது. படியெடுப்போனுக்குக் கூலி கொடுக்க வல்லவர் எதனை விரும்பினரோ அது பிழைத்தது. மற்றது செல்லுக்கு இரையாயிற்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை சிதைந்த ஏடுகளைத் தேடித் திரட்டித் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றினார். ஓலைக்கும் தாளுக்கும் இடையிலிருந்த வாயிலில் நின்று அவர் செய்த பணி அது. அவ்வாயிலைத் தாண்டியவற்றை நாம் இன்று பாடமாகக் கற்பிக்கின்றோம். தாண்டாது போனவற்றுள் பலவற்றின் பெயரும் நமக்குத் தெரியாது.

நம் காலத்திலும் அத்தகைய வாயில்கள் உள. ஒரு மென்பொருளின் பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கும், ஒரு தரவுத்தளத்திலிருந்து இன்னொன்றுக்கும் எழுத்து மாறிச் செல்லும் ஒவ்வொரு தடவையும் அது ஒரு வாயிலைக் கடக்கின்றது. இது தொழினுட்பர் காரியம், தமிழாசிரியருக்கு இங்கு வேலையில்லை என்றே நாமும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றிய நிகழ்ச்சியை முதலில் கூறுவது பொருந்தும்.

2014ஆம் ஆண்டு கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமப் பாடசாலை ஒன்றில் நாம் புதிதாகப் பணியேற்றிருந்தோம். அப்பாடசாலையின் சேர்வு இடாப்புகள் 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் அழிந்திருந்தன. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஊர் ஊராய்க் கிழக்கே நகர்ந்து முள்ளிவாய்க்காலில் போய் முடிந்த பயணம் அது. குழந்தையைத் தூக்கிய கை இடாப்பையும் தூக்கியிருக்க இயலாது. எனினும், அதற்கு முந்திய சமாதான காலத்தில் ஊருக்கு வந்த பழைய மாணவர் ஒருவர், அவ்விடாப்புகளைப் பார்த்துச் சில நூறு பெயர்களை எழுதிச் சென்று, பழைய மாணவர்களுக்கென அமைத்த இணையத்தளத்தில் ஏற்றியிருந்தார். மாணவர் பெயர், தந்தை பெயர், ஊர், சேர்ந்த ஆண்டு என்பன அதில் இருந்தன. அப்பிள்ளைகளுள் பலர் இன்றில்லை. அவர்கள் அந்த வாங்குகளில் அமர்ந்து படித்தார்கள் என்பதற்கு எஞ்சிய எழுத்துச் சான்று அதுவொன்றே.

அத்தளத்தைப் புதிய வாடகைச் சேவையகத்துக்கு மாற்றி, மென்பொருளையும் புதுப்பித்த நாளில், பழைய பெயர்கள் யாவும் கூரையும் குற்றும் சுமந்த இலத்தீன் எழுத்துக் குவியலாகத் தோன்றின. புதிதாக நாம் ஏற்றிய பெயர்களோ வெறும் கேள்விக்குறிகளாக மாறின. கிளிநொச்சி என்று எழுதிய இடத்திலே பத்துக் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றன. ஐந்தெழுத்துச் சொல்லுக்குப் பத்துக் குறி ஏன்? அதற்கு விடை தேடப் புகுந்தபோது, ஒரு வரலாற்றையே படிக்க வேண்டியதாயிற்று.

கணினியை ஆக்கியோர் தம் மொழிக்கு வேண்டிய அளவே அதில் இடம் ஒதுக்கினர். 1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பெற்ற 'ஆஸ்கி' நியமத்தில் 128 இடங்களே இருந்தன. பின்னர் 256 இடமாக விரிந்த 'இலத்தீன் 1' மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு இடம் தந்தது. தமிழுக்கு அதிலும் இடமில்லை. இடமற்றோர் பிறர் வீட்டுத் திண்ணையில் ஒதுங்குவதுபோல், நம் எழுத்தும் ஆங்கில எழுத்தின் இடத்தில் ஒதுங்கியது. நம்மவர் பெரிதும் கையாண்ட 'பாமினி' எழுத்துருவின் கதை இதுவே. அதில் 'அம்மா' என்று எழுதினால் திரையில் அம்மாவைக் காணலாம். கணினியின் நினைவிலோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்பனவே கிடக்கும். எழுத்துருவை அகற்றினால் அம்மாவும் அகன்றுவிடுவாள். 1990களின் இறுதியில் 'திஸ்கி' என்றும், 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டையொட்டி 'டாம்', 'டாப்' என்றும் குறிமுறைகள் தோன்றின. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிக்க முடியாத நிலை நீடித்தது.

உலகத்து எழுத்துகள் அனைத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் நோக்குடன் 1991இல் ஒருங்குறி வெளியாயிற்று. இந்தியாவின் 1988ஆம் ஆண்டு நியமத்தைத் தழுவித் தமிழுக்கும் அதில் 128 இடங்கொண்ட ஒரு பகுதி கிடைத்தது. ஆயினும் உயிர்மெய்க்கு அங்குத் தனியிடம் இல்லை. மெய்யின் உரு ஓர் எண். அதன்மேல் ஏறும் உயிர்க்குறியோ புள்ளியோ வேறோர் எண். நம் இலக்கணப்படி ஐந்தெழுத்தாகிய கிளிநொச்சி அங்கே பத்து எண்களாகின்றது. பத்துக் கேள்விக்குறிகளின் காரணம் இதுவே.

இவ்வெண்களைச் சேமிக்கக் கென் தொம்சன், ரொப் பைக் என்னும் இருவர் 1992இல் வகுத்த முறை யூ.ரி.எப். 8 எனப்படும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு அதில் ஒரு பைற்று போதும். தமிழின் ஒவ்வோர் எண்ணுக்கும் மூன்று பைற்று வேண்டும். ஆகவே, ஆங்கிலத்தில் பதினோரு பைற்றில் அடங்கும் கிளிநொச்சி தமிழில் முப்பது பைற்றாகின்றது.

எழுத்துக்கு எண் கிடைத்தால் மட்டும் போதாது; எண்ணை ஏற்கும் களஞ்சியமும் வேண்டும். இணையத்தளங்களின் களஞ்சியமாக உலகெங்கும் பரவியது, சுவீடனிலே பிறந்து 1995இல் வெளிவந்த மை எஸ்.கியூ.எல். என்னும் தரவுத்தளம். அது இலவசமாகக் கிடைத்ததால் பொருளில்லாதோரும் அதனைப் பயன்படுத்தினர். இந்நன்மையை நாம் மறத்தல் கூடாது. ஆனால், அதன் 4.0ஆம் பதிப்புவரை ஒருங்குறியை அது அறியாது. இருபது இடம் என்று ஒரு கட்டத்தை வகுத்தால் அது இருபது பைற்றையே குறித்தது. கிளிநொச்சியை அதில் இட்டால் 'கிளிநொ' என்பதோடு வெட்டுண்டு, உடைந்த இரண்டு பைற்று வாலாகத் தொங்கும். 2004 ஒக்ரோபரில் நிலைபெற்ற 4.1ஆம் பதிப்பே ஒருங்குறியை முதன்முதல் ஏற்றது. பைற்றை விடுத்து எழுத்தெண்ணைக் கணக்கிட்டதும் அதுவே. இணையத்தள மென்பொருள்கள் 'இன்ன பதிப்புக்குக் குறைந்த தரவுத்தளம் ஆகாது' என்று விதிப்பதன் உட்பொருள் இங்கேதான் விளங்குகின்றது.

எனினும், வேண்டும் என்று கேட்டவருக்கே 4.1 ஒருங்குறியை வழங்கியது. கேட்காதவருக்குக் கிடைத்தது இலத்தீன் 1. அகரவரிசையும் சுவீடிய மொழியின் வரிசை. இவ்வேற்பாடு 2018இல் 8.0ஆம் பதிப்பு வரும்வரை நீடித்தது. இதனைச் சதி என்பது பேதைமை. தம் வீட்டைக் கட்டியோர் தம் உயரத்துக்கு நிலை வைத்தனர், அவ்வளவே. ஆயின், கேளாதவனுக்குக் கிடைப்பது எப்போதும் ஆக்கியோனின் வசதியே என்னும் சமுதாய உண்மை இயந்திரத்துக்குள்ளும் தொழிற்படுவதை நாம் காண்கின்றோம்.

நம் பாடசாலைப் பெயர்களுக்கு நேர்ந்ததும் இப்போது தெளிவாகும். பழைய மென்பொருள் தமிழ்ப் பைற்றுகளை இலத்தீன் என்று பெயரிட்ட பெட்டியிலே வாய்பேசாது இட்டு, வாய்பேசாது எடுத்தது. எனவே பிழை தெரியவில்லை. புதிய மென்பொருள் பெட்டியின் பெயரை நம்பி, உள்ளிருந்ததை இலத்தீனிலிருந்து ஒருங்குறிக்கு 'மொழிபெயர்த்தது', குவியல் பிறந்தது. அக்குவியலில் பைற்றுகள் அழியவில்லை. உயர்தர மாணவன் ஒருவனும் நாமும் முதலில் முழுப் பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு இரவு முயன்றோம். பெட்டியை வெறும் பைற்றுப் பெட்டி என்று முதலில் மாற்றி, பின்னர் யூ.ரி.எப். 8 என்று பெயரிட்டோம். பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கேள்விக்குறிகள் மட்டும் திரும்பவில்லை. இலத்தீன் பெட்டி தான் அறியாத ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே கேள்விக்குறியை இட்டுவிட்டது. எது இருந்தது என்பதற்குத் தடயமே இல்லை. அவை புதிதாக ஏற்றிய பெயர்களாதலால் மீண்டும் கேட்டெழுத முடிந்தது. பழைய பெயர்களுக்கு அது நேர்ந்திருந்தால் யாரிடம் கேட்டிருப்போம்?

பின்னும் ஓர் இடர் வந்தது. மறைந்த தோழனைப் பற்றிப் பழைய மாணவி ஒருத்தி நீண்ட நினைவுரை அனுப்பினாள். அதன் மூன்றாம் வரியில் கண்ணீர் முகக்குறி ஒன்றை இட்டிருந்தாள். தளத்தில் அம்முகம் தொடங்கிய இடத்தோடு உரை நின்றுவிட்டது. எஞ்சியது முழுவதும் இல்லை. காரணம் யாதெனில், 4.1ஆம் பதிப்பின் யூ.ரி.எப். 8 மூன்று பைற்றுவரையே ஏற்கும். அம்முகக்குறிக்கு நான்கு வேண்டும். நான்கையும் ஏற்கும் 'யூ.ரி.எப். 8 எம்.பி. 4' 2010இல் 5.5.3ஆம் பதிப்பிலேதான் வந்தது. நாம் வாடகைக்கு எடுத்த சேவையகத்தில் இருந்ததோ 5.1. வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருள் 2015 ஏப்பிரலில் தன் 4.2ஆம் பதிப்பில் நான்கு பைற்று முறைக்கு மாறியபோதும், 5.5.3 இருந்த இடங்களிலேயே அது கைகூடிற்று. மாறியோருக்கும் ஒரு சிக்கல் இருந்தது. சுட்டிக்குப் பழைய அமைப்பு ஒதுக்கியது 767 பைற்று. மூன்று பைற்றாயின் 255 எழுத்து அதில் அடங்கும். நான்காயின் 191 மட்டுமே.

முகக்குறி விளையாட்டுப் பொருள், அதற்கு இத்துணை ஆராய்ச்சியோ என்று வினவலாம். 2019இல் ஒருங்குறியின் 12.0ஆம் பதிப்பு நம் முன்னோரின் கணக்குக் குறிகள் 51ஐ ஏற்றது. முந்திரி, மா முதலிய பின்னங்களும், குறுணி, பதக்கு முதலிய அளவைகளும், நன்செய், புன்செய் என்னும் நிலக்குறிகளும் அவற்றுள் உள. எண்பதில் ஒன்றாகிய காணியும் உண்டு. வன்னி மக்கள் நிலத்தையே காணி என்பர்; காணிக்காகவே இன்றும் மனு எழுதிக்கொண்டிருக்கின்றனர். இக்குறிகள் அனைத்தும் நான்கு பைற்றின. மூன்று பைற்றோடு நின்றுவிட்ட களஞ்சியத்தில் காணிக்கு இடமில்லை.

ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் மற்றோர் உண்மை தெரியும். 4.1 நிலைபெற்று இரண்டு மாதத்தில் கடல் முல்லைத்தீவுக் கரையை விழுங்கிற்று. 5.5.3 வந்த 2010இல் நம்மவர் செட்டிகுளத்து முகாம்களிலிருந்து தறப்பாளும் தகரமுமாய் ஊர் திரும்பிக்கொண்டிருந்தனர். பதிப்பு எண்ணைக் கேட்கும் நிலையில் எவரும் இல்லை. உலகம் ஒரே நாளில் புதுப்பிக்கப்படுவதில்லை. வசதி படைத்தோர் முதலிலும், மலிவான பழைய சேவையகத்தை வாடகைக்கு எடுப்போர் கடைசியிலும் வாயிலுக்கு வருகின்றனர். கடைசியில் வருவோரின் எழுத்தே கேள்விக்குறியாகின்றது.

ஆதலின் ஆசிரியரும் மாணவரும் சில கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். நம் பாடசாலை, சங்கம், வாசிகசாலை ஆகியவற்றின் தளத்துக்குக் களஞ்சியமாக உள்ள தரவுத்தளம் எப்பதிப்பு? அதன் பெட்டிகள் எக்குறிமுறையில் உள்ளன? மாற்றுமுன் முழுப் பிரதி எடுத்தாயிற்றா? மாற்றியபின் தமிழ்ப் பெயர் ஒன்றை இட்டு, எடுத்துப் பார்த்தாயிற்றா? இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. பழைய நாளில் ஏட்டைப் பிரித்து, செல்லைத் தட்டி, எண்ணெய் பூசி வைத்தவரின் கவனமே வேண்டும்.

நம் பாடசாலைப் பெயர்ப்பட்டியல் இப்போது நான்கு பைற்றுப் பெட்டியிலே உள்ளது. தாளிலும் ஒரு பிரதி அச்சிட்டு அதிபரின் அலுமாரியில் வைத்துள்ளோம். சில மாதங்களுக்கு முன் தாயொருத்தி வந்து, தன் மகனின் பெயர் இடாப்பில் உண்டா என்று கேட்டார். தேடி எடுத்துக் காட்டினோம். பெயரை விரலால் தொட்டுப் படித்தார். ஊர் என்ற இடத்தில் கிளிநொச்சி என்றிருந்ததையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். ஐந்து எழுத்தும் இருந்தன.