ஹேங் ஆனால் ஃபார்மட்: ஒரு வழக்கத்தின் வரலாறு

2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், திருவள்ளூரை அடுத்த காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் அரசின் எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த அந்தக் கணினிகளின் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் ஒன்றாகவே குடியிருந்தன. பொத்தானை அழுத்தியதும் எதைத் திறக்கலாம் என்று திரை கேட்கும். அன்றைக்கு ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை எல்லாம் ஒரே வேலூர் மாவட்டம். தோல் ஷாப்புக்கும் ஷூ கம்பெனிக்கும் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகொண்டா போன்ற பாலாற்றங்கரை ஊர்களில், பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி இதுதான். கூடவே ஒரு வழக்கமும் நுழைந்தது. வேலை செய்துகொண்டிருக்கும்போது திரை அப்படியே நின்றுபோனால், மவுஸ் அசையாமல் போனால், கடையில் கொடுத்து லினக்ஸை அழித்துவிட்டு விண்டோஸை மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்வது. இரண்டு ஓஎஸ் (இயங்குதளம்) இருப்பதால்தான் ஹேங் ஆகிறது என்பது அந்த வழக்கத்துக்குப் பின்னால் இருந்த தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு. அதைவிட முக்கியமானது, ஹேங்குக்குக் காரணம் எது என்று காட்டிக்கொடுக்கக்கூடிய எளிய கருவியை அந்த வழக்கம் முதல் வேலையாக அழித்துவிட்டது.

லினக்ஸ் அந்தக் கணினிகளுக்குள் தற்செயலாக வந்து சேரவில்லை. கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் 2005இல் சென்னையில் சி-டாக் நிறுவனத்தையும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையத்தையும் அடித்தளமாகக் கொண்டு அமைந்தது. அங்கே டெபியனை அடிப்படையாக வைத்து உருவான பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கும்படி அதை அமைத்தார்கள். அதே காலத்தில் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர், நிறுவனத்தின் சொந்தக் கணினிகளையே சூசே லினக்ஸுக்கு மாற்றினார். ஆக, மாணவர் மடிக்கணினியில் இருந்த இரண்டாவது ஓஎஸ்ஸுக்குப் பின்னால் பல ஆண்டு அரசுக் கொள்கையும் சென்னைப் பொறியாளர்களின் உழைப்பும் இருந்தன. ஆனால் அது எதற்குப் பயன்படும் என்று பள்ளி ஆசிரியருக்கோ, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சிஸ்டம் சர்வீஸ் கடை வைத்திருப்பவருக்கோ யாரும் சொல்லிப் பழக்கவில்லை. அவர்களிடம் ஏற்கெனவே ஒரு வைத்தியம் கைவசம் இருந்தது.

அந்த வைத்தியம் முட்டாள்தனமானதன்று. அது பிறந்த காலத்தில் சரியாகவே வேலை செய்தது. விண்டோஸ் 95, 98 காலத்தில் ஒரு மென்பொருள் தடுமாறினால் கணினி முழுவதுமே விழுந்துவிடுவதுண்டு. கணினி இயங்கத் தொடங்கியதிலிருந்து கழிந்த மில்லி விநாடிகளை அந்த ஓஎஸ்கள் 32 பிட் எண்ணில் எண்ணிவந்தன, 49.7 நாள் ஆனதும் எண்ணிக்கை நிரம்பி, கணினி நின்றுபோகும். 1995இல் வெளியான ஓஎஸ்ஸின் இந்தப் பிழையை மைக்ரோசாஃப்ட் 1999இல்தான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அதுவரை பெரும்பாலோர் கண்ணில் அது படாததற்குக் காரணம், அவ்வளவு நாள் விழாமல் ஓடிய விண்டோஸ் கணினி அபூர்வம் என்பதே. பிறகு எக்ஸ்பி வந்தது. பென் டிரைவ் வந்தது. செருகியவுடன் தானாகவே ஓடிப் பரவும் வைரஸ்கள் வந்தன. பிரவுசிங் சென்டரிலும் டிடிபி கடையிலும் பத்துப் பேர் கை மாறும் கணினிக்கு, சி டிரைவை அழித்துவிட்டு ஓஎஸ்ஸை மறுபடி போடுவதே விரைவான, மலிவான, நிச்சயமான மருந்தாக இருந்தது. டி டிரைவில் இருக்கும் ஃபோட்டோக்களுக்குச் சேதமில்லை. மாலைக்குள் கணினி கைக்கு வந்துவிடும். சிக்கல் மென்பொருளில் இருந்த காலத்தில் மென்பொருளை மாற்றுவது நியாயமே. அந்தக் காலம் கடந்த பிறகும் வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டதுதான் பிரச்சினை.

இரட்டை இயங்குதளக் கணினியில் எந்த நேரத்திலும் ஒரே ஒரு ஓஎஸ்தான் உயிரோடு இருக்கிறது. விண்டோஸ் ஓடும்போது லினக்ஸ் என்பது ஹார்ட் டிஸ்க்கின் ஒரு பகுதியில் கிடக்கும் வெறும் கோப்புகள், மறுபக்கமும் அப்படியே. தூங்குகிற ஒன்று விழித்திருக்கிற ஒன்றை நிறுத்திவிட முடியாது. அதனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி எளிது: இன்னொன்றில் ஓட்டினாலும் நிற்கிறதா? இரண்டிலும் நின்றால் சந்தேகம் ரேம், ஹார்ட் டிஸ்க், சூடு, மின்சுற்று என்று வன்பொருளின் பக்கம் திரும்புகிறது. ஒன்றில் மட்டும் நின்றால் அந்த ஓஎஸ்ஸின் டிரைவரோ அமைப்போ விசாரணைக்கு வருகிறது. பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் தோல் தரம் பிரிப்பவர், ஒரு தழும்பைப் பார்த்ததும் அது மாட்டின் மேல் உண்ணி கடித்ததா, உரிக்கும்போது கத்தி பட்டதா, பதனிடுகையில் நேர்ந்ததா என்று பிரித்துப் பார்த்த பிறகே தோலை ஒதுக்குகிறார். எந்தக் கட்டத்தில் வந்த பழுது என்று தெரியாமல் சாயத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை. கணினியின் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 1997 நவம்பரில் தெரியவந்த பென்டியம் பிழையில், ஒரே ஒரு தவறான கட்டளை போதும், சிப் முழுவதும் உறைந்துவிடும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் ஒரேபோல நின்றன. அந்த ஒற்றுமையே பழுது சிப்பில் இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

காரணமில்லாமல் திடீர் திடீரென்று நிற்கிறது என்று சொல்லப்படும் பழுதுகளுக்கும் காரணம் உண்டு என்பதை இன்டெலின் 1978ஆம் ஆண்டு அனுபவம் காட்டுகிறது. அதன் நினைவகச் சிப்புகளில் எப்போதாவது ஒரு பிட் தானாகப் புரண்டது. சோதித்தால் சிப்பில் குறையே இல்லை. டிமோத்தி மே, முர்ரே உட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அதற்குச் சிப்பை மூடியிருந்த பீங்கான் உறையிலிருந்து வரும் ஆல்ஃபா துகள்களே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அந்த உறையைச் செய்த தொழிற்சாலை, பழைய யுரேனிய ஆலை ஒன்றுக்குக் கீழே ஆற்று நீரை எடுத்துப் பயன்படுத்தியிருந்தது. தோல் கழிவால் பாலாறு என்னவானது என்பதை 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை கொண்டுபோன மாவட்டத்துக்கு, மேல்நிலத்தில் கலந்த மாசு கீழ்நிலத்தில் எங்கெல்லாம் தலைகாட்டும் என்பது புதிய செய்தியன்று. 2009இல் கூகுள் தன் சர்வர்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை, ஓராண்டில் ரேம் அட்டைகளில் 8 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை பிழை காட்டின என்றும், அவற்றில் பெரும்பகுதி ரேமிலேயே பதிந்த நிரந்தரக் கோளாறு என்றும் சொன்னது. சர்வரில் அந்தப் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் ரேம் இருக்கிறது. மாணவர் மடிக்கணினியில் அது இல்லை. அங்கே அதே பிழை உறைந்த திரையாகவும் வெளிப்படலாம்.

வேலூர்ச் சூழலில் இன்னொரு காரணத்தையும் ஒதுக்க முடியாது. அக்னி நட்சத்திரத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் ஊர்களில், மின்விசிறிக்கும் வழியில்லாத மதியத்தில், கட்டில் மெத்தையின்மேல் வைக்கப்பட்ட மடிக்கணினியின் காற்றுவழி அடைபட்டுத் தூசியும் சேர்ந்துவிடும். சிப் மிகவும் சூடானால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பிறகு கணினியையே அணைத்துவிடும். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வந்தால் பற்றவைப்புப் புள்ளிகள் விரிசல் விடும். 2008இல் என்விடியா தன் மடிக்கணினிச் சிப்புகளில் இந்தக் கோளாறுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க நேர்ந்தது. 2012இல் சென்னைக்கு வெளியே பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்த காலத்தில், பாட்டரி முழுதும் வடிந்து பாதியில் அணைந்த கணினிகளின் கோப்புகளும் சிதைந்தன. இவற்றில் ஒன்றும் இரண்டு ஓஎஸ் இருப்பதால் வந்ததன்று. கோப்புச் சிதைவைத் தவிர வேறு எதுவும் ஃபார்மட்டால் தீரவும் தீராது.

எதிர்ப்பக்கத்தில் நியாயமான வாதங்கள் உண்டு. இரண்டு ஓஎஸ்களும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை என்பது சரியா என்று கேட்கலாம். சரியில்லைதான். 2012இல் வந்த விண்டோஸ் 8, ஷட் டவுன் செய்யும்போது தன் உட்கருவின் நிலையை டிஸ்க்கில் சேமித்துவைத்துவிட்டு அரைத்தூக்கத்தில் போகிறது. விரைவாகத் திறப்பதற்கான ஏற்பாடு அது. அந்த நிலையில் லினக்ஸ் வந்து விண்டோஸ் பகுதியில் எழுதினால் கோப்புகள் சிதையும். அதனால்தான் லினக்ஸின் என்டிஎஃப்எஸ் கருவி, அப்படிப் பாதியில் நிற்கும் பகுதியில் எழுத மறுக்கிறது. கடிகாரத்தை ஒன்று உலக நேரமாகவும் மற்றொன்று இந்திய நேரமாகவும் படிப்பதால், ஓஎஸ்ஸை மாற்றும்போது நேரம் ஐந்தரை மணி தள்ளி நிற்பதும் உண்டு. இவை உண்மையான உரசல்கள். ஆனால் இவற்றின் விளைவு கோப்பு இழப்பும் தவறான நேரமும்தான். வேலை நடுவே திரை உறைவது இவற்றின் அடையாளமன்று. முதல் ஆண்டுகளில் வந்த கணினிகளில் இருந்த விண்டோஸ் 7இல் இந்த அரைத்தூக்க ஏற்பாடே கிடையாது.

இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது: லினக்ஸை எடுத்த பிறகு ஹேங் நின்றுவிட்ட கணினிகள் இருக்கின்றனவே? இருக்கின்றன. 2013இல் வந்த, மலிவு விலைக் கணினிகளில் பரவலாக இடம்பெற்ற இன்டெலின் பே டிரெயில் சிப்புகள் விண்டோஸில் நன்றாக ஓடின, லினக்ஸில் அடிக்கடி உறைந்தன. வேலை இல்லாதபோது சிப் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும். மீண்டும் விழித்தெழும் வழியில் சிக்கிக்கொள்ளும். பல ஆண்டுகள் நீடித்த அந்தக் கோளாறுக்கு, ஆழ்ந்த தூக்கத்தைத் தடுக்கும் ஒரே ஒரு கட்டளையைத் தொடக்க வரியில் சேர்ப்பதுதான் பயனர்கள் கண்ட மாற்று. 2017இல் வந்த ஏஎம்டியின் முதல் ரைசன் சிப்புகளிலும் கிட்டத்தட்ட இதே கதை. பயாஸில் ஓர் அமைப்பை மாற்றியதும் பலருக்குத் தீர்ந்தது. அப்படியானால் லினக்ஸ்தான் குற்றவாளியா? பழுதின் வேர் சிப் தூங்கி எழும் முறையில் இருந்தது. விண்டோஸில் அது வெளித்தெரியவில்லை, லினக்ஸில் தெரிந்தது.  அதோடு, இடைவிட்டு வரும் பழுதுக்கு எந்த வைத்தியம் செய்தாலும் அடுத்த சில நாள் அது வராமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். வாரத்துக்கு ஒருமுறை நின்ற கணினி ஃபார்மட்டுக்குப் பிறகு நாலு நாள் நிற்கவில்லை என்பது வைத்தியம் பலித்ததற்குச் சான்றாகாது. எல்லாவற்றையும்விட, விண்டோஸின் நிகழ்வுப் பதிவும் லினக்ஸின் பதிவுக் கோப்புகளும் நிற்பதற்கு முந்தைய நிமிடத்தில் என்ன நடந்தது என்பதைப் பல நேரம் எழுதிவைத்திருக்கும். ஃபார்மட் அவற்றையும் அழித்துவிடுகிறது.

மூன்றாவது வாதத்துக்குத்தான் பதில் சொல்வது கடினம். பொதுத்தேர்வு நெருங்கும் மாணவரிடம், அல்லது விடிகாலையில் கம்பெனி பஸ் பிடிக்கும் தாயிடம், இரண்டு நாள் காத்திருந்து சோதியுங்கள் என்று சொல்ல முடியாது. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் ஃபார்மட்டுக்குத்தான் கடைக்காரருக்குக் கூலி கிடைக்கும். ரேம் சோதனையை இரவு முழுவதும் ஓட்டிப் பார்த்தால் கூலி கிடைக்காது. இந்தப் பொருளாதாரத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் முதல் சோதனைக்குச் செலவே இல்லை. கேப்ஸ் லாக்கை அழுத்தி அதன் விளக்கு எரிகிறதா என்று பார்த்தாலே, உள்ளே ஓஎஸ் உயிரோடு இருக்கிறதா, முழுவதும் செத்துவிட்டதா என்று ஓரளவு தெரிந்துவிடும். ஒரு வாரம் பாஸ் லினக்ஸிலேயே டைப் செய்வதும் படம் பார்ப்பதும் படிப்பைக் கெடுக்காது. அதற்குப் பிறகு கடைக்குப் போகும்போது, இரண்டிலும் நிற்கிறது என்றோ விண்டோஸில் மட்டும் நிற்கிறது என்றோ ஒரு வாக்கியம் சொன்னால் போதும், கடைக்காரரின் நேரமும் மிச்சமாகும். பழுதான ரேமை வைத்துக்கொண்டு மூன்றுமுறை ஃபார்மட் போட்ட குடும்பத்துக்கு அந்த வழி மலிவாகவும் அமைந்ததில்லை.

தவறு கடைக்காரருடையதோ மாணவருடையதோ அன்று. சுமார் 50 லட்சம் மடிக்கணினிகளைக் கொடுத்த திட்டத்தில், இரண்டு ஓஎஸ்ஸை ஒரே டிஸ்க்கில் வைக்க முடிந்தது. அந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று சொல்லும் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பைப் பெட்டிக்குள் வைப்பது முன்னுரிமையாக இருக்கவில்லை. விண்டோஸ் பழகியது, லினக்ஸ் பழகாதது என்ற நிலையில், பழகாததன்மேல் பழி விழுவது இயல்பு. 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் மேலும் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தருவதாக அறிவிப்பு வந்தது. புதிய கணினிகளில் ரேமும் டிஸ்க்கும் கூடியிருக்கலாம். சூடும் மின்தடையும் தூங்கி எழும் சிக்கல்களும் அவற்றுக்கும் பொதுவானவையே. எந்த ஓஎஸ் உயர்ந்தது என்ற பழைய வழக்கை அதற்காக மறுபடி திறக்க வேண்டியதில்லை. இரண்டு ஓஎஸ் கொடுத்தால், ஒன்று நின்றதும் மற்றொன்றில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொல்லும் குறிப்பையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். பள்ளிகொண்டாவிலோ குடியாத்தத்திலோ கடை வைத்திருப்பவருக்கும் ஃபார்மட் போடுமுன் அந்தக் கேள்வியைக் கேட்கும் பயிற்சி தர வேண்டும். கணினிகளின் விலையோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.