ஹைதராபாத் இணைப்பு: வரலாறு தரும் படிப்பினை

 

1947 ஆகஸ்ட் 15-இல் நம் நாடு விடுதலை பெற்றபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் இருந்தன. பெரும்பாலானவை பேச்சுவார்த்தை மூலமே இந்தியாவுடன் இணைந்தன. நம் புதுக்கோட்டையும் 1948 மார்ச் 3-இல் அமைதியாகச் சென்னை மாகாணத்துடன் இணைந்தது. ஹைதராபாத்தின் வரலாறோ கண்ணீரில் முடிந்தது.

ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலீ கான் ஆண்ட அச்சமஸ்தானத்தில் சுமார் 1.6 கோடி மக்கள் வாழ்ந்தனர். முஸ்லிம்கள் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கினரே. நாற்புறமும் இந்தியா சூழ்ந்திருந்தும் நிஜாம் தனியரசை விரும்பினார். 1947 நவம்பர் 29-இல், இருக்கும் நிலையே ஓராண்டு தொடர ஒப்பந்தம் ஏற்பட்டது. இணக்கம் காணக் கிடைத்த அந்த அவகாசம் வீணாக்கப்பட்டது. காசிம் ரஸ்வியின் ரஜாக்கர் படையினர் ஆவேசப் பேச்சால் மக்களை மயக்கினர். கிராமங்களில் கொலையும் கொள்ளையும் புரிந்தனர். இணைப்பை ஆதரித்து எழுதிய 'இம்ரோஸ்' உருது நாளேட்டின் ஆசிரியர் ஷுஐபுல்லாஹ் கான், 1948 ஆகஸ்டில் கொல்லப்பட்டார். நன்மையை எடுத்துரைத்த ஒரு முஸ்லிமின் குரலை முஸ்லிம்களின் பெயரால் இயங்கியோரே அடக்கினர்!

செப்டம்பர் 13-இல் இந்திய இராணுவம் நுழைந்தது. 17-ஆம் நாள் நிஜாம் பணிந்தார். ஆனால் துயரம் அத்துடன் ஓயவில்லை. ரஜாக்கர்கள் செய்த பாவத்திற்கு, அதில் பங்கே இல்லாத ஏழை முஸ்லிம்கள் பலியாயினர். பிரதமர் நேரு அனுப்பிய பண்டித சுந்தர்லால் குழு, 27,000 முதல் 40,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என மதிப்பிட்டது. உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேட் ஆகிய மாவட்டங்களில் கொடுமை மிகுந்திருந்தது. அவ்வறிக்கையை அன்றைய அரசு வெளியிடவில்லை.

அதே அறிக்கை மற்றொரு செய்தியையும் பதிவு செய்துள்ளது. சில ஊர்களில் இந்து நெசவாளர்கள், உடன் தொழில் செய்த முஸ்லிம் நெசவாளர்களைத் தம் உயிரையும் பொருட்படுத்தாது காத்தனர். அல்லாஹ் அவர்கள் உள்ளங்களில் இரக்கத்தை ஊட்டினான். பல்லாண்டு அண்டை உறவே அன்று அரணாக நின்றது.

நிஜாம் 1950 முதல் 1956 வரை ராஜபிரமுகராக வீற்றிருந்தார். ரஸ்வி சிறைவாசம் முடிந்து 1957-இல் பாகிஸ்தான் சென்றார். விதவைகளும் அநாதைகளுமே அந்த மண்ணில் எஞ்சினர்.

தலைமை என்பது அமானிதம். உரத்துப் பேசுவோரிடம் அதை ஒப்படைத்தால் துன்பம் ஏழையின் வாசலுக்கே வரும். நம் ஜமாஅத்தும் தொலைநோக்குடையோரைத் தேர்வோமாக. நம்மைக் கண்டித்துத் திருத்துவோருக்குச் செவிசாய்ப்போமாக. அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணுவோமாக! வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.