ஷெனாய்க்கு இடம் உண்டு, நாதஸ்வரத்துக்கு இல்லை

மலேசியாவில் கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் இருக்கிறது ஜெஞ்சாரோம். அவசரகாலத்தில் புதுக்கிராமமாக உருவான, சீனர்கள் மிகுந்த ஊர். சுற்றுவட்டாரத்தில் முதலில் ரப்பர், பிறகு செம்பனை என்று தோட்டங்கள். அவற்றின் லயங்களில் தமிழர்கள். இப்படிப்பட்ட வட்டாரங்களில் உருமி மேளத்தைக் கோயில் வாசலிலேயே கேட்டுப் பழகலாம். கர்நாடக சங்கீதத்துக்குக் கிள்ளானுக்கோ, 1981-ல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கோ போக வேண்டும். ஆசிரியர் தொலைவில் இருந்தால் மாணவருக்குத் துணை நோட்டுப் புத்தகம். இப்போது கணினிக் கோப்பு. சுரங்களைத் தட்டி, ஒலியாக எக்ஸ்போர்ட் செய்து, கைப்பேசிக்கு அனுப்பினால் வீட்டில் சாதகம் செய்யலாம் என்பது கணக்கு. ஆனால் அனுப்பிய கோப்பில் தோடி ராகம் தோடியாக இருப்பதில்லை. உடனே செட்டிங்கில் எங்கே பிழை என்று தேடத் தொடங்குகிறார்கள். அந்தப் பிழைக்கு வயது நூறுக்கு மேல் என்பதே இங்கே என் வாதம்.

1892 வாக்கில் சென்னையில் ஏ.எம். சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை ஐரோப்பியரின் ஐந்து கோட்டு முறையில் அச்சிட்டு வெளியிடத் தொடங்கினார். வாய்வழியாக வந்தது வாய்வழியாகவே அழிந்துவிடும் என்ற கவலை அவருக்கு. உலகம் முழுக்கப் படிக்கக்கூடிய எழுத்தில் இருந்தால் பிழைக்கும் என்று நம்பினார். அந்த முயற்சியில் கைப்பொருளை இழந்தார், கண்பார்வையும் போயிற்று. அவர் தூண்டுதலால் எட்டயபுரம் சமஸ்தானம் முன்வந்து, சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-ல் தெலுங்கு லிபியில் வெளிவந்தது. தீட்சிதர் ஸ ரி க ம எழுத்துகளோடு நிற்கவில்லை. கம்பிதத்துக்கு நெளிகோடு, ஜாருவுக்குச் சாய்கோடு, நொக்கு, ரவை, ஒதுக்கல், ஓரிகை என்று ஒவ்வொரு கமகத்துக்கும், அதாவது சுரத்தின் ஒவ்வொரு அசைவுக்கும், தனிக்குறி வகுத்து, அந்தந்தச் சுரத்தின் மேலேயே அச்சிட்டார். சுரம் எங்கே நிற்கிறது என்பதைவிட எப்படி அசைகிறது என்பதே ராகம் என்று அறிந்தவர் செய்த வேலை அது. பின்னால் வந்த பாடப்புத்தகங்களில் பெரும்பாலானவை அந்தக் குறிகளைக் கைவிட்டன. அச்சுக் கோர்ப்பது கடினம், குரு பக்கத்திலேயே இருக்கிறார், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணமே காரணம் என்று நினைக்கிறேன். தஞ்சாவூரிலோ மயிலாப்பூரிலோ அது பெரிய இழப்பாகத் தெரிந்திருக்காது. கடல் கடந்து வந்தவர்களிடம் கமகக்குறி இல்லாத புத்தகம் இருந்தது. அதை நிரப்பும் குரு பல ஊர்களில் இல்லை.

இந்தக் குறைப்புக்கு இயந்திரம் முத்திரை வைத்தது 1983-ல். அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ஜப்பானின் இகுதாரோ ககேஹாஷி ஆகியோரின் முயற்சியில் மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள மிடி என்ற பொதுமொழி பிறந்தது. அதன் அடிப்படைச் செய்தி மிக எளியது: இந்த எண்ணுள்ள கட்டையை இவ்வளவு வேகத்தில் அழுத்தினான், பிறகு விட்டான். பியானோக்காரரின் விரலுக்கு அது போதும். 1991-ல் ஜெனரல் மிடி தரம் வந்தபோது 128 வாத்திய ஒலிகளுக்கு எண் கொடுத்தார்கள். 105-ஆம் எண் சிதார், 112-ஆம் எண் ஷெனாய். வீணை இல்லை, நாதஸ்வரம் இல்லை. தாளப் பட்டியலில் போங்கோவும் கோங்காவும் உண்டு. மிருதங்கமும் தவிலும் இல்லை. நாதஸ்வரத்துக்கு எழுதிய பக்கம் ஓபோவாகவோ ஷெனாயாகவோ வெளியே வந்தால் மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. கையிலிருக்கும் பட்டியலில் பக்கத்து வீட்டுக்காரரை அது அனுப்பிவைக்கிறது.

வாத்தியத்தின் குரல் மாறுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ராகம் எங்கே உடைகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஏறக்குறைய ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையில் ஊசலாடுகிறது. மிடியில் இதைக் காட்ட இருக்கும் வழி பிட்ச் பெண்ட் என்ற வளைவுக் கட்டளை. அதற்கு 16,384 படிகள், நடுப்படி 8,192. நுணுக்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் படிகள் எவ்வளவு தூரத்தை அளக்கின்றன என்பதை ஒலியெழுப்பும் கருவி தீர்மானிக்கிறது. வழக்கமான ஏற்பாடு மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம். காந்தாரத்தை நடுவாக வைத்தால் தோடியின் அசைவு மயிரிழையில் அடங்கிவிடும். ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரு ஜாரு போட்டால் ஏழு அரைச்சுரம் வேண்டும், அது அடங்காது. மறுமுனையில் உள்ள கருவி 12 அரைச்சுரத்துக்குத் திருப்பப்பட்டிருந்தால் அதே காந்தாரம் ஒரு ஸ்தாயி தூரம் துள்ளும். வளைவு ஒரு சானல் முழுவதையும் பாதிக்கும் என்பதால், அதே சானலில் தம்புராவையும் வைத்திருந்தால் சுருதியும் சேர்ந்து ஆடும். திரையில் சரியாக ஒலித்தது மிடி கோப்பாக வெளியே போனதும் கெடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மிடி கோப்பில் ஒலியே கிடையாது. கட்டளைகள் மட்டும் உண்டு.

இதெல்லாம் பழைய கதை, நடைமுறையில் வரும் கோளாறுகள் வெறும் தொழில்நுட்பக் கோளாறுகள் என்று ஒருவர் மறுக்கலாம். பாதி உண்மைதான். எக்ஸ்போர்ட் செய்த கோப்பு மௌனமாக இருந்தால் மிக்ஸரில் அந்த வரி மியூட்டில் இருக்கலாம், சவுண்ட்ஃபாண்ட் என்ற வாத்திய ஒலித் தொகுப்பு காணாமல் போயிருக்கலாம், வெளியிலிருந்து இணைத்த வாத்தியம் ஏற்றப்படும் முன்பே எழுதி முடித்திருக்கலாம். நொடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிவான கோப்பை 48,000 என்று எடுத்துக்கொண்டு வாசித்தால் பாட்டு வேகமாகி, ஒரு கட்டைச் சுருதி ஒன்றரைக் கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் ஏறக்குறைய நடுவே போய்விடும். இவற்றுக்கு ஐந்து நிமிடத்தில் வைத்தியம் உண்டு. அந்த வைத்தியமெல்லாம் முடிந்தபின் கிடைப்பது திரையில் கேட்ட அதே மொட்டைச் சுரங்கள். எஞ்சும் அந்தக் குறையைப் பற்றித்தான் பேச்சு.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. 2022-ல் வந்த மியூஸ்ஸ்கோர் 4 போன்ற இசைக்குறிப்பு மென்பொருள்கள் உண்மையான வாத்தியப் பதிவுகளைக் கொண்டு ஒலிக்கின்றன. நாளை யாராவது நாதஸ்வரத்தையும் பதிந்து சேர்த்தால் சிக்கல் தீராதா? தீராது. பதிவுத் தொகுப்பு குரலின் நிறத்தைத் தரும். ஒரு சுரம் அடுத்த சுரத்தை நோக்கி நழுவும் பாதை ராகத்துக்கு ராகம் மாறும். அதை எழுத்திலேயே சொல்லாவிட்டால் எந்தத் தொகுப்பாலும் ஊகிக்க முடியாது. எழுத்தில் சொன்னால் இயந்திரத்தால் முடியும் என்பதற்கும் சான்று உண்டு. எம். சுப்பிரமணியன் உருவாக்கிய ‘காயகா’ மென்பொருள் நம் சுரதாளக் குறிப்பையே அடிப்படையாக எடுத்துக்கொண்டு கமகத்தோடு வாசிக்கும்படி எழுதப்பட்டது. தீட்சிதர் தாளில் செய்ததன் கணினி வடிவம் என்று அதைச் சொல்லலாம். குறை இயந்திரத்தின் திறமையில் இல்லை. எதைச் சுரம் என்று கணக்கில் எடுப்பது என்ற முடிவில் இருக்கிறது. அந்த முடிவைப் பிறர் எடுத்தார்கள் என்று மட்டும் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. மிடி வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் பாடப்புத்தகங்கள் அதே முடிவை எடுத்திருந்தன.

தோட்டத்து உருமிக்கும் இதே கதிதான். மலேசியாவில் தைப்பூசக் காவடிக்கு உருமி மேளம் இல்லாமல் முடியாது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த முனகலுக்கு அடி என்று ஒரு நொடியைச் சுட்ட முடியாது. தேய்க்கத் தேய்க்க ஒலி வளர்ந்து நெளிகிறது. அழுத்தினான், விட்டான் என்ற இரண்டு சொல்லால் அதை எழுத வழியில்லை. உருமிக்கு அச்சு நூல் மரபும் பெரிதாக இல்லாததால், கர்நாடக சங்கீதத்துக்கு ஒரு தீட்சிதர் கிடைத்ததுபோல் இதற்கு யாரும் கிடைக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் கலைந்த பின்னும் அது பிழைத்திருப்பது கேட்டுக் கற்கும் பழக்கத்தால்.

கோப்பு என்ற வடிவத்தையும் அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். 1988-ல் வந்த ஃபினாலே என்ற இசைக்குறிப்பு மென்பொருள் 2024-ல் நிறுத்தப்பட்டது. அதில் ஆண்டுக்கணக்காக எழுதியவர்கள் வேறு மென்பொருளுக்கு மாற்றும் வேலையில் இறங்க நேர்ந்தது. 1904-ன் புத்தகத்தை இன்றும் பிரித்துப் படிக்கலாம். ஆகவே கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கற்பிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாணவருக்கு அனுப்பும் சுரக்கோப்பில் தீட்சிதரின் கமகக்குறிகளைச் சேருங்கள், கணினி வாசித்த ஒலியைத் தாளத்துக்கும் காலப்பிரமாணத்துக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, அதே வரியை நீங்களே ஒரு முறை பாடிப் பதிந்து கூடவே அனுப்புங்கள்.